மெஷின் நின்ற மூன்று நாள்

அத்தியாயம் ஒன்பது

லாண்டரிக்காரி உட்காரவில்லை. இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. இடது புருவத்துக்கு மேலே அவளுக்கு ஒரு வெட்டு, இன்னும் சரியாகக் காயவில்லை. காலையில் கூடார முகாமில் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபோது யாரோ ஓட்டுச் சில்லை எறிந்திருக்கிறார்கள். யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் எறிந்தான், மற்றவர்கள் எறியத் தயாராக இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நானூற்றுப் பதினோரு பேரைத் தன் வாஷிங் மெஷின் கொன்றுவிட்டதாக ஊர் நம்புகிறது என்றாள்.

"நான் பார்த்த மெஷின் எல்லாம் சட்டைப் பட்டனைத்தான் கொன்னிருக்கு" என்றான் பல்லி.

அரம் அவனைப் பார்த்தார். பல்லி வாயை மூடிக்கொண்டான். அவன் அரத்தின் மனைவியுடைய தம்பி. வேண்டாத நேரத்தில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அரத்துக்கு அவர் பெயர் வேறு வழியில் வந்தது. இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவர். ஒரே கேள்வியை எதிராளி தேயும்வரை கேட்பார். இப்போது இரண்டு மேஜை போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து ஊராருக்குத் துப்புத் துலக்குகிறார். ஆறு மாதத்துக்கு முன் நடந்த நிலநடுக்கத்தில் அந்த அறையின் உத்தரம் விரிந்துபோனது. நடுவில் ஓர் இரும்புத் தூண் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பல்லி அதில் தன் குடையை மாட்டியிருந்தான்.

லாண்டரிக்காரி கையில் நேற்றைய செய்தித்தாள் இருந்தது. விசாரணைக் கமிஷனின் வரைவு அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பெரிய நடுக்கத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் முப்பது சிறு முன்னதிர்வுகள் வந்திருந்தன என்றும், நில அதிர்வு நிலையத்துக்கு அறுபதடி தள்ளியிருந்த சலவை நிலையத்தின் இயந்திர அதிர்வு அவற்றை மறைத்துவிட்டது என்றும், அதனால்தான் மஞ்சள் அறிவிப்பு வெளியாகவில்லை என்றும் அந்த வாக்கியம் சொன்னது. மஞ்சள் அறிவிப்பு வந்திருந்தால் ஊர் வெட்டவெளியில் படுத்திருக்கும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு யார் தலையிலும் கூரை விழுந்திருக்காது.

கமிஷனின் கடைசி அமர்வு இன்று மாலை நான்கு மணிக்கு. அதன்பிறகு அந்த வாக்கியத்தை யாரும் திருத்த முடியாது.

அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது. அந்த மூன்று நாளும் அவளுடைய மெஷின் ஓடவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பெல்ட் அறுந்தது. மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தான். லாண்டரியை அவளும் அவள் அக்காவும் நடத்தினார்கள். அக்கா கவுண்டரைப் பார்ப்பாள், இவள் மெஷினைப் பார்ப்பாள். மெஷின் நின்றதால் இருவரும் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். இவள் செவ்வாய் சாயங்காலமே பஸ் ஏறினாள். அக்கா கவுண்டர் வேலையை முடித்துவிட்டுப் புதன்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். வரவில்லை. வியாழக்கிழமை லாண்டரிச் சுவர் அவள்மேல் விழுந்தது. மெஷினை புல்டோசர் இடிபாட்டோடு அள்ளிக்கொண்டு போனது. கமிஷன் முன் இதையெல்லாம் சொன்னபோது, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பேரைக் கழுவிக்கணும். அதுக்கு மட்டும் வரலை சார். என் மெஷின்னு முதல்ல சொன்ன வாய் எதுன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

அரம் பேனாவை மூடி வைத்தார். பெல்ட் எத்தனை மணிக்கு அறுந்தது என்று கேட்டார். பத்து மணி பன்னிரண்டு நிமிடம் என்றாள். சாட்டை சொடுக்கியதுபோல் சத்தம் வந்ததாம். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் உள்ளே இருந்தன, அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்ததால் உடனே கடிகாரத்தைப் பார்த்தாளாம்.

"ஆறு வருஷமா அந்த நிலையத்துக் கருவி உங்க மெஷினைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு" என்றார் அரம். "ஓடினதைக் கேட்டதுன்னா நின்னதையும் கேட்டிருக்கும். கிளம்பு மச்சான்."

கமிஷனிடம் இருந்தது அசைவுகளையும் அவற்றின் குறிகளையும் நிலையம் டைப் அடித்துக் கொடுத்த பட்டியல் மட்டும். கருவி வரைந்த அசல் தாள்கள் நடுக்கத்தில் தொலைந்துவிட்டதாக நிலையம் சொல்லியிருந்தது. அந்த நிலையம் ஊரிலேயே விரிசல் விழாத ஒரே கட்டடம். அதற்குள் மூன்று தாள்கள் மட்டும் எப்படித் தொலையும் என்று அரம் வேனில் ஏறும்போது கேட்டார்.

"காகிதத்துக்குக் கால் முளைச்சிருக்கும் மாமா. முதல்ல ஓடினது அதுதான்" என்றான் பல்லி.

அது கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது.

தாள்களைப் படித்துக் குறி போடுகிற வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவருக்கு நிலையத்தில் பென்சில் என்று பெயர். நடுக்கம் முடிந்த இரண்டாவது வாரம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பஸ் டிப்போவில் டயர்களைச் சோதிக்கிறார். அவர்கள் போனபோது ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, காதைச் சாய்த்து, சத்தத்தை வைத்துக் காற்று குறைந்ததைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பூமிக்கு நாடி பார்த்தவர் டயருக்குப் பார்க்கறார்" என்றான் பல்லி.

"டயர்ல ஒரு வசதி இருக்கு தம்பி" என்றார் அவர் நிமிராமல். "நான் கோடு போட்டா கழட்டிடுவாங்க. மேல ஒருத்தர்கிட்ட போய் நிக்க வேண்டாம்."

பிறகு நிமிர்ந்தார். லாண்டரிக்காரியைப் பார்த்தார். கம்பி கையிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் உருண்டது.

"அடிக்கணும்னா அடிங்கம்மா."

"உங்க முறை அப்புறம்" என்றாள் அவள்.

தாள்கள் எங்கே என்று அரம் கேட்டார். இருக்கிறதா என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். பென்சில் சற்றுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய டியூப்கள் தொங்கிய சுவர்ப்பக்கம் போய், நீளவாக்கில் கிழிந்த ஒரு லாரி டியூபை இறக்கினார். அதற்குள் சுருட்டி வைத்திருந்தார். வியாழக்கிழமை ஊர் விழுந்து அடங்கியதும், மற்றவர்கள் வீடுகளைத் தேடி ஓடியபோது, அவர் நிலையத்துக்குள் போய் இந்த இரண்டு தாள்களையும், அன்று காலை பாதியில் நின்ற மூன்றாவதையும் எடுத்துவந்திருக்கிறார். அவருடைய கையெழுத்து அவற்றில் முப்பது இடங்களில் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. கொடுக்கத் தைரியம் வரவில்லை.

காலியாக நின்ற ஒரு பஸ்ஸின் பின்சீட்டில் தாள்களை விரித்தார்கள். ஒரு தாள் ஒரு நாள். மணிக்கு ஒரு கோடாக இருபத்துநான்கு கோடுகள். சும்மா இருக்கும் நேரத்தில் கோடு நேராகப் போகும். பூமி அசைந்தாலும் கோடு அசையும், பக்கத்தில் எது குலுங்கினாலும் அசையும். அதனால் அக்கம்பக்கத்துக் குலுக்கல்களை முதலில் கழித்துவிடுவது நிலையத்தின் வழக்கம். ரயில் போனால் பென்சிலால் 'ர' என்று போடுவார்கள். லாண்டரி மெஷினுக்கு 'ல'. குறி விழுந்தால் அந்த அசைவு கணக்கில் சேராது.

பென்சில் விரலால் காட்டினார். மெஷினின் அசைவு ஒரு மேடு. மெல்ல ஏறும், துணி பிழியும்போது உச்சிக்குப் போகும், மெல்ல இறங்கும். நடுக்கம் அப்படி வராது. எடுத்த எடுப்பில் ஓர் அறை, சில நொடி கழித்து அதைவிடப் பலமாக இன்னோர் அறை, பிறகு எரிச்சல் அடங்குவதுபோல் அடங்கும். முதல் அறைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி, அது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். இந்த முப்பதிலும் இடைவெளி நான்கு நொடி. முப்பதும் ஒரே இடம். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பூமி ஒரே விரல் மூட்டை முப்பது தடவை நெட்டி முறித்திருக்கிறது.

அரம் அதைக் கேட்டுக்கொண்டே செவ்வாய்க்கிழமைத் தாளில் பத்து மணிக்கான கோட்டை நகத்தால் தேய்த்துக்கொண்டு போனார். மேடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏறிய இடத்தில் கத்தியால் நறுக்கியதுபோல் செங்குத்தாக விழுந்து, அப்புறம் நேர்கோடு.

"மணி என்ன?"

பென்சில் குனிந்து பார்த்தார். "பத்து பன்னிரண்டு."

லாண்டரிக்காரி தன் பெல்ட் அறுந்ததைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவள் சொல்லியும் ஒருவரும் நம்பாத விஷயம் ஓர் அங்குல நீளத்தில் அங்கே கிடந்தது. அதற்கப்புறம் மூன்று தாள்களிலும் ஒரு மேடுகூட இல்லை. அறைகள் மட்டும். ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு 'ல'.

"செத்த மெஷின் முப்பது தடவை துணி துவைச்சிருக்கு" என்றான் பல்லி. "ஆவிக்கு அவ்வளவு அழுக்கா?"

தெரிந்தேதான் போட்டீர்களா என்று அவள் பென்சிலைக் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். செவ்வாய் மாலைக்குள் ஏழு வந்தது. குறி போடாமல் விட்டு மேலே சொன்னார். பொறு என்றார் நிலைய இயக்குநர். ஒரே இடத்தில் ஒரு நாளில் பத்தைத் தாண்டினால் மஞ்சள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. புதன்கிழமை மத்தியானத்துக்குள் அன்று மட்டும் பதினான்கு. அறிவிப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இயக்குநர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். லாண்டரி என்று போடு, முந்தின ஏழுக்கும் சேர்த்துப் போடு, இனி வருவதற்கும் போடு என்றார். உருவம் சரியில்லையே சார் என்று இவர் சொல்லிப் பார்த்தார். மெஷின் ஏதோ கோளாறில் இப்படி அடிக்கிறது, போடு என்று பதில் வந்தது.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன் இதே இயக்குநர் ஒரு மஞ்சள் அறிவிப்புக் கொடுத்தார். ஊர் மூன்று நாள் வெட்டவெளியில் கிடந்தது. ஒன்றும் ஆடவில்லை. குட்டி அதிர்வு இருபது தடவை வந்தால் ஒரு தடவைதான் பின்னால் பெரியது வரும், அதை ஊருக்கு யார் புரியவைப்பது. அதன்பிறகு அவர் கடைத்தெருவில் நடந்தால் பையன்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக் காட்டினார்கள். அந்த வியாழக்கிழமை தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வரவிருந்தார்கள். காலியான ஊரை அவர்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை.

"பதினெட்டு வருஷம் போடுன்னா போட்டுப் பழகின கை" என்றார் பென்சில். "போட்டுடுச்சு."

அவர் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார்.

மணி ஒன்றரை. பென்சிலையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பென்சில் சொல்வார், இயக்குநர் இல்லையென்பார், குறியில் இருப்பது பென்சிலின் கை, அதனால் பென்சில்தான் மாட்டுவார் என்றார் அரம். மெஷின் நின்றது நிரூபணமாகிவிட்டது. இயக்குநருக்கு அது அப்போதே தெரியும் என்பது நிரூபணமாகவில்லை. மெஷின் நின்றதை யார் யாருக்குச் சொன்னீர்கள் என்று லாண்டரிக்காரியைக் கேட்டார்.

சொன்னது அக்கா. துவைக்காமல் திருப்பிய ஒவ்வொரு உருப்படியிலும் அன்று அவள் உட்கார்ந்து துணிச்சீட்டுத் தைத்தாள். காகிதம் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் லாண்டரியில் எல்லாமே நாடாத்துணியில்தான், அழியாத மையில்தான். வாடிக்கையாளர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் அதே துணியில் அவரே எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். நான் அப்படிச் சொல்லவில்லையே என்ற தகராறு வராது. ஆனால் அந்தத் துணியெல்லாம் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போனது, வீடுகள் மண்ணுக்குள் போயின. ஆஸ்பத்திரித் துணிமூட்டையை இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மிச்சம் யாருக்குப் போனது என்று இவளுக்குத் தெரியாது.

"நிலையத்துத் துணி உங்ககிட்டதான் வருமா?"

"திரை, நாற்காலி உறை எல்லாம் வரும்."

அரம் வேனை நிலையத்துக்குத் திருப்பச் சொன்னார்.

"உள்ள போனதும் நீங்க எதுவும் பேச வேண்டாம். இந்த ஊர்ல உங்க அக்கா கைபட்ட துணி முழுசா இருக்கக்கூடிய இடம் அது ஒண்ணுதான். கண்ணு மட்டும் வேலை செய்யட்டும்."

பென்சில் மேலே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். நிலையத்தின் மாடி அறை பளிச்சென்று இருந்தது. சுவரில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. இயக்குநர் நான்கு மணிக்குத் தயாராக வெள்ளைக் கோட்டு போட்டு, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர், மிருதுவான குரல். லாண்டரிக்காரியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதிலும் உட்காரவில்லை.

அரம் தாள்களை விரித்தார். அறுந்த மேட்டைக் காட்டினார். இயக்குநர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவர் முகத்தில் கவலைக்குப் பதில் ஒரு வகை நிம்மதி வந்தது. மெஷின் ஓடவில்லை என்பது தெளிவு, அந்த அம்மாவுக்காக மகிழ்கிறேன், கமிஷனிடம் இதைக் கொடுங்கள் என்றார். ஆனால் மாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே எந்தக் கடையில் எந்த மெஷின் நின்றது என்று எப்படித் தெரியும். தாளைப் படிப்பவர் லாண்டரி என்று எழுதினார், நம்பினேன். அவருடைய பென்சில், அவருடைய எழுத்து. அரசாங்கத் தாள்களைத் திருடியவரும் அவரே என்று இப்போது தெரிகிறது. கொண்டுவந்ததற்கு நன்றி.

"நம்ம கத்தியை வாங்கி நம்ம ஆளையே குத்திட்டார் மாமா" என்று பல்லி காதருகே சொன்னான். "உறையையாவது திருப்பிக் கேளுங்க."

அரம் லாண்டரிக்காரியின் கண்ணைப் பார்த்தார். அவள் இல்லை என்று மெல்லத் தலையை அசைத்தாள். திரைகள் புதிது. நாற்காலி உறைகள் புதிது. அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். அந்த அறையில் அவள் அக்கா இல்லை.

மணி மூன்று. இயக்குநர், கருவி புதைத்த குழி எங்கே இருக்கிறது, லாண்டரி எங்கே இருந்தது என்று காட்டுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினார். கையை நீட்டி விளக்கிக்கொண்டே கொஞ்சம் குனிந்தார். கோட்டின் காலர் பிடரியிலிருந்து விலகியது.

லாண்டரிக்காரி இரண்டே எட்டில் போய் அவர் காலரைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

பல்லி கிரீச்சிட்டுவிட்டான். அடிக்கப்போகிறாள் என்றுதான் அரமும் நினைத்தார். அவள் அடிக்கவில்லை. காலரின் மடிப்பைக் கட்டைவிரலால் பிரித்தாள். உள்பக்கத்தில் சிவப்பு நூலில் இரண்டு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு நாடாத்துணி, கழுத்தோடு ஒட்டி மடிந்து கிடந்தது.

"எங்க அக்கா தையல்" என்றாள். "கழட்டுங்க."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அரம் ஏற்கெனவே ஒரு கையைப் பிடித்துக் கோட்டின் கையை உருவிக்கொண்டிருந்தார். ஆய்வாளராக இருந்தபோது ஓடும் இயந்திரத்திலிருந்து ஆட்களை உருவி எடுத்த கை அது.

நாடா மஞ்சளாகியிருந்தது, மை மங்கவில்லை. மேலே அக்காவின் உருண்டை எழுத்து. 'செவ்வாய். பெல்ட் அறுந்தது. வெள்ளி வரை மெஷின் ஓடாது. மன்னிக்கவும்.' அதற்குக் கீழே வேறொரு கை, நெருக்கிச் சாய்த்து எழுதியது. 'வியாழன் காலை முக்கியக் கூட்டம். கையால் துவைத்தாவது புதன் மாலைக்குள் வேண்டும்.' பக்கத்தில் சுருக்கொப்பம். மேஜையில் அடுக்கியிருந்த எல்லாக் கோப்புகளிலும் அதே சுருக்கொப்பம் இருந்தது.

அரம் அதை வாய்விட்டுப் படித்தார். செவ்வாய்க்கிழமையே மெஷின் நின்றது தெரியும். புதன் மத்தியானம் அதே மெஷின் அடிக்கிறது என்று சொல்லிக் குறி போடவைத்தார். ஆறு மாதம், அதே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிடரியில் தன் கையெழுத்தைச் சுமந்தபடி, கமிஷன் முன்னால் நாலு முறை சாட்சி சொல்லியிருக்கிறார். மற்ற வாடிக்கையாளர்கள் வீட்டுக்குப் போனதும் நாடாவைக் கத்தரித்துவிடுவார்கள். இவருக்கு அந்த வேலையை யாராவது செய்துதான் பழக்கம்.

பல்லி போனில் நாடாவைப் படம் எடுத்து, கமிஷன் செயலாளருக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தான்.

லாண்டரிக்காரி நாடாவை விடவில்லை. கீழே இருந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"கையால துவைக்கணும்" என்றாள் யாரிடமும் இல்லாமல். "கஞ்சி போடணும். மொடமொடன்னு காயணும். அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி போட முடியும். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சு ஆயிடும். கடைசி பஸ் நாலு மணிக்கு."

அரம் தலை குனிந்தார். அக்கா ஏன் பஸ் ஏறவில்லை என்பது அவர் விசாரிக்க எடுத்துக்கொண்ட கேள்வி அல்ல. அதற்கும் பதில் அந்த விரல் நீளத் துணியிலேயே இருந்தது.

இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு அந்த மிருதுவான குரலை எங்கிருந்தோ மறுபடி எடுத்தார்.

"நாலு மணிக்கு நானே சொல்லிடறேன்மா. மெஷின் ஓடலை, லாண்டரி மேல தப்பே இல்லைன்னு. கவனக்குறைவுன்னு என் பக்கம் எழுதிக்கட்டும். அந்தப் படத்தை, வேற கோட்டுன்னு விளக்கிக்கலாம். நாளைக்கே உங்க பேர்ல ஒரு சொல் இருக்காது. இதை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

அவள் காலையில் கேட்டு வந்ததில் பாதி அது. தண்ணீர் பிடிக்கப் போகலாம். தலையை நிமிர்த்தலாம். அரம் குறுக்கே பேசவில்லை. கேஸ் அவளுடையது.

அவள் கோட்டை உதறினாள். தோள் தையலைப் பிடித்து நேராக்கினாள். வாடிக்கையாளருக்குப் பிடித்துக் காட்டுவதுபோல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"போட்டுக்குங்க சார். நேரமாச்சு."

சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தார். எழுந்து திரும்பி ஒவ்வொரு கையாக நுழைத்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அவள் தோளைத் தட்டிவிட்டு, காலரை நிமிர்த்தி, நாடாவை உள்ளிருந்து வெளியே எடுத்து, முதுகின் நடுவில் தொங்கவிட்டு, தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நாடாவின் நுனியைக் கோட்டோடு சேர்த்துக் குத்தினாள். தொழில் தெரிந்தவளின் கச்சிதமான குத்து. அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கை பின்னால் போனது.

"கிழிச்சா ஆதாரத்தை அழிச்ச குற்றமும் சேரும்" என்றார் அரம். "அசல் இல்லைன்னா படத்தை வேற கோட்டுன்னு சொல்லலாம், அதுதானே உங்க கணக்கு. அசலைக் கமிஷனுக்கு நீங்களே சுமந்துக்கிட்டு வர்றீங்க."

இயக்குநர் ஜீப் சாவியை எடுத்தார். பல்லி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"சார், உங்க ஜீப் தரையில உட்கார்ந்திருக்கு. நாலு காலும் மடக்கி."

கீழே பென்சில் நின்றிருந்தார். உள்ளங்கையில் நான்கு வால்வு மூடிகள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் யாரும் சொல்லாமல் அவர் செய்த முதல் வேலை அதுவாக இருக்கலாம்.

கமிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. நடந்தால் பத்து நிமிடம். வழி ஒன்றுதான், விளையாட்டு மைதானத்தில் போட்டிருந்த கூடாரங்களின் நடுவே. அரம் லாண்டரிக்காரியை மாடிப்படியில் நிறுத்தி, தன் வேன் இருக்கிறது, அதில் இயக்குநரை ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். அந்த முகாமில் ஆள் இழக்காத கூடாரம் கிடையாது. அவரை அங்கே உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றார்.

"உயிரோடதான் வேணும் சார்" என்றாள் அவள். "இன்னும் நிறைய வருஷம் இருக்கணும். அதுக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் வாங்க."

வெயில் சாய்ந்திருந்தது. இயக்குநர் முன்னால் நடந்தார். அரம் வலப்பக்கம், பல்லி இடப்பக்கம், பென்சில் தாள்களோடு பின்னால். லாண்டரிக்காரி இயக்குநருக்கு இரண்டடி பின்னால், நாடாவை மறைக்காமல் சற்று ஒதுங்கி வந்தாள்.

குழாயடியில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் வழக்கமான முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு கிழவர் தரையில் துப்பினார். கட்டுப்போட்ட கையோடு ஒரு பெண் கல்லுக்குக் குனிந்தாள். குனிந்தவள் இயக்குநரின் முதுகில் குத்தியிருந்த துணியைப் பார்த்தாள். குனிந்த நிலையிலேயே வாயசைத்துப் படித்தாள். செவ்வாய் என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அடுத்த வரியைப் படித்தாள். வரிசை கலைந்தது. குடங்களைக் கீழே வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கூடாரங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை. வழி விட்டார்கள். விட்டவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த அமைதி இயக்குநருக்குத் தாங்கவில்லை. வேகமாக எட்டு வைக்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட ஓட்டம்.

லாண்டரிக்காரி முன்னால் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். வலிக்காமல் பிடித்தாள்.

"மெதுவா நடங்க சார். எழுத்து சின்னது."